விடுப்புக் கணக்கும் விசேஷக் கணக்கும்

சங்கரன்கோவில் வட்டாரத்தில் படைப்பணியில் இருப்போரின் குழந்தைகளை உடனிருந்து வளர்க்கும் தாத்தா ஆச்சிமார்க்கும் தாய்மாமன்மார்க்கும் அத்தை சித்திமார்க்கும் ஒரு திறந்த மடல்



படைவீரர் வீட்டில் ஒரு குழந்தை பிறந்த நாள் முதல் அதன் ஆண்டு நிறைவு வரை வரும் விசேஷங்களுக்கு நாள் குறிப்பவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்களே. தொட்டில் கட்டுதல், பெயரிடுதல், சோறூட்டுதல், முடி இறக்குதல், காது குத்துதல் ஆகியவற்றுக்கான நாள்கள் பஞ்சாங்கத்தையும், மண்டபம் கிடைப்பதையும், திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கும் உறவினர்களின் வசதியையும் பார்த்து முடிவு செய்யப்பட்ட பிறகு, கடைசியாகவே தந்தையின் விடுப்பைப் பற்றிய பேச்சு எழுகிறது. அதுவும் ‘லீவு கிடைத்தால் வரட்டும்’ என்ற அளவில் முடிந்துவிடுகிறது. இந்த வரிசையை மாற்றி, விடுப்பை முதலில் கேட்டறிந்து அதற்குள் விசேஷத்தை அமைக்க வேண்டும் என்பதே இம்மடலின் வேண்டுகோள். வழக்கத்தை மீறும்படி இது யாரையும் கேட்கவில்லை. வழக்கத்திலேயே இதற்கு இடம் உண்டு என்பதைக் காட்டவே இவ்வளவு நீளமாக எழுதப்படுகிறது.

வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையைப் போலத் தலைமுறை தலைமுறையாக வீட்டுக்கு ஒருவரைப் படைக்கு அனுப்பிப் பழகிய ஊர்களில், விடுப்புக்கேற்ப வீட்டு வேலைகளை அமைக்கும் வித்தை அண்டை வீட்டாருக்கும் தெரிந்திருக்கும். விசைத்தறியையும் பூச்சந்தையையும் மழைபார்த்த விவசாயத்தையும் நம்பி வாழும் சங்கரன்கோவில் வட்டாரத்திலோ, தெருவுக்கு ஒன்றாகவோ ஊருக்குச் சிலவாகவோ சிதறிக் கிடக்கின்றன பட்டாளத்துக்காரர் வீடுகள். ஒவ்வொரு வீடும் இந்தக் கணக்கைத் தானே புதிதாகப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஊர் வழக்கில் ‘மிலிட்டரிக்காரர்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுவோர் நிர்வாக முறையில் இரு பிரிவினர். தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகிய மூன்றும் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருவன; மத்திய ரிசர்வ் காவல் படை, எல்லைப் பாதுகாப்புப் படை போன்றவை உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்குவன. இரண்டின் விடுப்பு விதிகளும் வேறு வேறு. பின்னவர்க்கு மத்திய அரசு ஊழியர்களுக்கான விடுப்பு விதிகள் பொருந்துவதால், இரண்டுக்கு மேற்படாத குழந்தைகளுக்கு, பிரசவத்தை ஒட்டியோ அதன்பின் ஆறு மாதத்துக்குள்ளோ 15 நாள் தந்தைமை விடுப்பு எடுக்க வழியுண்டு. தரைப்படைச் சிப்பாய்க்கு ஓர் ஆண்டில் 60 நாள் ஆண்டு விடுப்பும் 30 நாள் தற்செயல் விடுப்பும் என்பது பொதுக் கணக்கு. குடும்பத்தை உடன் வைத்துக்கொள்ள முடியாத எல்லைப்புறப் பணியிடத்தை வீரர்கள் ‘பீல்டு’ என்றும், குவார்ட்டர்ஸ் கிடைத்தால் மனைவி மக்களை அழைத்துக்கொள்ளக்கூடிய பாசறை நகரத்தை ‘பீஸ்’ என்றும் சொல்கிறார்கள். பீல்டில் இருக்கும் ஒரு தந்தை தமக்குரிய விடுப்பில் ஒரு நாளையும் விடாமல் எடுத்தாலும், ஆண்டில் 275 நாள் குழந்தையைப் பார்க்க முடியாது. எடுக்க முடிவதும் உறுதியில்லை. ஒரு படை அலகிலிருந்து ஒரே வேளையில் பலரை அனுப்ப முடியாது என்பதால் விடுப்பு முறை வைத்தே கிடைக்கிறது, எல்லையில் பதற்றம் வந்தால் கொடுத்ததும் நின்றுபோகிறது.

ஆயினும் இந்தக் கணக்கில் பலரும் கவனிக்காத ஒரு வசதி உண்டு. படையின் விடுப்பாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிவது. குழந்தையின் முதல் ஆண்டோ அது பிறந்த நாளில் தொடங்குவது. ஆடி மாதத்தில் பிறந்த குழந்தையின் முதல் பன்னிரண்டு மாதங்கள் இரண்டு விடுப்பாண்டுகளின் மீது படிந்து கிடப்பதால், அலகில் அனுமதி கிடைக்குமானால், பிறப்பை ஒட்டி இவ்வாண்டின் மிச்சத்திலிருந்து ஒரு பகுதியையும் அடுத்த ஆண்டின் முற்பாதியில் புது விடுப்பிலிருந்து இன்னொரு பகுதியையும் தந்தை எடுக்கலாம். இவ்வாறு பிரித்து எடுக்கத் திட்டமிடும் இளந்தம்பதியரைக் குலைப்பது பெரும்பாலும் எல்லைத் தகராறு அன்று, உறவினரின் எதிர்பார்ப்பே என்று சொன்னால் சிலருக்குக் கசக்கலாம். சித்தப்பா மகளின் கல்யாணம், பெரியப்பா வீட்டுக் கிரகப்பிரவேசம், நெடுநாள் இழுபறியில் கிடக்கும் பங்கு நிலத்தின் பத்திரப்பதிவு, போதாக்குறைக்குப் படைவீரர் கேன்டீனில் வாங்கித் தரவேண்டிய மிக்ஸி என்று ஊருக்கெல்லாம் பங்கு போட்டது போகத்தான் அந்த 60 நாளில் குழந்தைக்கு மிஞ்சுகிறது. குழந்தையின் முதல் ஆண்டில் மட்டுமாவது, அதன் தந்தை பிற விசேஷங்களுக்கு வராதது குறையாகப் பேசப்படக் கூடாது.

எந்த மாதத்தில் தந்தை அருகில் இருப்பது நல்லது என்பதை அறியக் குழந்தை வளர்ச்சியின் படிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ் மரபு அவற்றை நன்றாகவே அறிந்திருக்கிறது. தெய்வத்தையோ அரசனையோ குழந்தையாகப் பாவித்துப் பாடும் பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுக்கிறது. மூன்றாம் மாதம் தொடங்கி இருபத்தொன்றாம் மாதம் வரை ஒற்றைப்படை மாதங்களில் அப்பருவங்களை அமைப்பது பாட்டியல் நூல்கள், அதாவது சிற்றிலக்கியங்களுக்கு இலக்கணம் சொல்லும் நூல்கள், கூறும் முறை. தெய்வங்களிடம் காவல் வேண்டும் காப்புப் பருவம் மூன்றாம் மாதத்தில் அமைகிறது. ஒரு காலை மடக்கி மறுகாலை நீட்டிக் கையூன்றித் தலைநிமிர்ந்து அசையும் செங்கீரை ஐந்தில். கைகொட்டும் சப்பாணி ஒன்பதில். தளர்நடையிட்டு வரும்படி குழந்தையை அழைக்கும் வருகை பதின்மூன்றில். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் எண்ணூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006இல் வெளியிட்ட ஆய்வு, துணையின்றி உட்காருவது 3.8 முதல் 9.2 மாதங்களுக்குள்ளும், துணையின்றி நடப்பது 8.2 முதல் 17.6 மாதங்களுக்குள்ளும் நிகழ்வது இயல்பு என்று வரையறுக்கிறது. பாட்டியல் கூறும் பதின்மூன்றாம் மாதம் அந்த நடைக்காலத்தின் நடுப்பகுதியில் விழுவது தற்செயலாகத் தோன்றவில்லை. தொட்டிலருகில் இருந்து பார்த்தவர்களின் கணக்கு அது.

நடைக்கு ஆய்வு தரும் இந்த இடைவெளியின் அகலத்தில்தான் படைவீரர் குடும்பத்துக்கான ஆறுதல் இருக்கிறது. முதல் அடியை எந்தக் குழந்தை எந்த நாளில் எடுத்து வைக்கும் என்பது யாருக்கும் தெரியாது. தினமும் தறிக்கூடத்துக்கோ சந்தைக்கோ போய் வரும் தந்தைகூட அந்தக் கணத்தைத் தவறவிடுகிறார். நடை என்பதோ ஒரு நாளில் முடியும் செயல் அன்று. சுவரைப் பிடித்து நிற்பதில் தொடங்கி, கையை விட்டு நிற்கப் பழகி, விழுந்து எழுந்து, வாசற்படி தாண்டுவது வரை பல வாரங்கள் நீளும் முயற்சி அது. அவ்வாரங்களில் ஒரு பத்து நாள் உடனிருந்தாலும் தந்தை நடையைப் பார்த்தவரே ஆவார். எனவே ‘நேற்றே நடந்துவிட்டான், அவனுடைய அப்பனுக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை’ என்று தொலைபேசியில் இரக்கப்படுவதைவிட, இன்னும் என்னென்ன வரவிருக்கின்றன என்று சொல்வது பயன் தரும். அதேபோல், ஓர் அண்டை வீட்டுக் குழந்தை பத்து மாதத்தில் நடந்துவிட்டது என்பதைக் கொண்டு பதினான்கு மாதத்துக் குழந்தையின் தாயிடம், தகப்பன் பக்கத்தில் இல்லாத பிள்ளை என்பதால் தாமதம் என்று காரணம் கற்பிப்பதற்கும் மேற்சொன்ன ஆய்வில் இடமில்லை. பதினெட்டு மாதம் ஆகியும் நடக்காவிட்டால் குழந்தை மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதற்கு முன் ஒப்பிடுவதால் தாயின் தூக்கம் கெடுவதைத் தவிர வேறு பலன் இல்லை.

சடங்குகளுக்கும் இதே நெகிழ்ச்சி உண்டு. திருநெல்வேலிச் சீமையில் பல குடும்பங்கள் பங்குனி உத்திரத்தன்று தத்தம் குலதெய்வமான சாஸ்தா கோயிலில் கூடுகின்றன. முதல் முடியை அங்கே இறக்குவதாக நேர்ந்துகொள்வோர் பலர். அந்த நாளில் தந்தையால் வர முடியாவிட்டால் அடுத்த பங்குனி வரை முடியை விட்டுவைப்பதில் சாஸ்தாவுக்கு மனத்தாங்கல் ஒன்றும் இருக்கப் போவதில்லை என்பது, பல காரணங்களுக்காக முடியிறக்கத்தைத் தள்ளிப்போட்ட எத்தனையோ குடும்பங்களின் அனுபவம். காது குத்துதலில் இடம் இன்னும் தாராளம்: ஒற்றைப்படை மாதத்தில் குத்தலாம், தவறினால் ஒற்றைப்படை வயதில் குத்தலாம் என்பது பொது வழக்காதலால் ஓராண்டில் முடியாதது மூன்றாம் ஆண்டுக்குப் போகலாம். அங்கே குழந்தையை மடியில் இருத்திக்கொள்ளும் உரிமை தாய்மாமனுக்கு உரியது. அவரும் படையில் இருந்துவிட்டால் இரண்டு பேருடைய விடுப்பும் ஒரே வாரத்தில் பொருந்த வேண்டிய சிக்கல் எழுகிறது, பஞ்சாங்கத்தில் கரிநாள் பார்ப்பதைவிடக் கடினமான கணிதம் அது.

ஆடித்தபசைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சங்கரநாராயணராகத் திருமாலும் சிவனும் ஓருருவில் காட்சி தர வேண்டுமென்று கோமதியம்மன் தவமிருந்ததாகக் கூறும் சங்கரன்கோவில் தலவரலாற்றை ஒட்டி ஆடி மாதத்தில் நடக்கும் அப்பெருவிழாவுக்கு, வெளியூரில் இருப்போர் ஊர் திரும்புவது வழக்கம். ஆதலால் தபசுக்கு வரச்சொல்லி மகனை வற்புறுத்தும் பெற்றோரின் ஆசையில் பிழை இல்லை. ஆனால் சம்முவிலிருந்தோ அசாமிலிருந்தோ மூன்று நாள் ரயிலில் வந்து இறங்கும் ஒருவர், ஆடிச்சுற்றுக்கும் சப்பர தரிசனத்துக்கும் உறவினர் விருந்துக்கும் இடையே குழந்தையைக் கையில் வாங்கும் நேரம் மிகக் குறைவு. குழந்தையின் முதல் ஆண்டில் தபசையும் குழந்தையின் விசேஷத்தையும் ஒரே விடுப்பில் அடைப்பதா, ஒன்றை விட்டுக்கொடுப்பதா என்று முன்கூட்டியே பேசி முடிவெடுக்கலாம். தபசு அடுத்த ஆடியிலும் வரும்.

விடுப்பில் வரும் தந்தை வீட்டுக்குள் நுழையும் முதல் இரண்டு நாள்தான் இம்மடலின் கவலையில் பெரும்பங்கு. ஏழெட்டு மாதத்திலிருந்து ஓராண்டு வரை குழந்தைகளிடம் அறியாதவரைக் கண்டு அஞ்சும் இயல்பு வலுப்பெறுகிறது. ரெனே ஸ்பிட்ஸ் என்ற மனநல மருத்துவர் இதனை எட்டாம் மாதக் கலக்கம் என்று விவரித்தார். தன்னை நாள்தோறும் பேணுபவரின் முகத்தைப் பிற முகங்களிலிருந்து பிரித்தறியும் ஆற்றல் குழந்தைக்கு வந்துவிட்டதன் அடையாளம் அது, அதாவது வளர்ச்சியின் குறி. குழந்தைக்கு இரண்டு மாதமாக இருந்தபோது புறப்பட்டுப் போய் ஒன்பதாம் மாதத்தில் திரும்பும் தந்தை, குழந்தையின் பார்வையில் மீசை வைத்த ஒரு புது மனிதர். அது வீறிட்டு அழுது ஆச்சியின் தோளில் முகம் புதைக்கும்போது, கூடியிருப்போர் ‘பெத்த அப்பனையே தெரியலையே’ என்று சிரிப்பது பகடிதான் என்றாலும், பனிமலையில் அந்த நாளுக்காகக் காத்திருந்த ஒருவருக்கு அது பகடியாகப் படுவதில்லை. அவ்வேளையில் குழந்தையை வலிந்து அவர் கையில் திணிப்பதும் தவறு. தாயின் மடியில் குழந்தை இருக்க, தந்தை அருகே அமர்ந்து வேறு பக்கம் பார்த்தபடி பேசிக்கொண்டிருந்தால், குழந்தை தானே எட்டிப் பார்க்கும். குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் உடனிருக்கவிட்டால் சில நாளில் கையை நீட்டும். வீட்டில் கூட்டம் குறைவாக இருந்தால் இது விரைவில் நடக்கும். வந்தவரைப் பார்க்க வருவோர் இரண்டு நாள் கழித்து வருவது பேருதவி.

கைப்பேசியின் துணை இங்கு ஓரளவு கைகொடுக்கிறது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது உண்மையே. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமோ 2016இல் பதினெட்டு மாதத்துக்குட்பட்டோருக்குத் திரை வேண்டாமென்று கூறியபோது காணொளி அழைப்புக்கு மட்டும் விலக்கு அளித்தது. எதிரிலிருப்பவர் குழந்தையின் சிரிப்புக்குச் சிரிப்பும் மழலைக்கு மறுமொழியும் உடனுக்குடன் தருகிறார் என்பதால், அது படம் பார்ப்பதிலிருந்து வேறுபடுகிறது. உயரமான காவல் நிலைகளில் அலைவரிசை கிடைக்கும் நேரம் தாயின் சமையல் நேரமாகவோ குழந்தையின் உறக்க நேரமாகவோ அமைந்துவிடும். அப்போது அடுப்பைப் பார்த்துக்கொண்டு அவளை அழைப்புக்கு விடுவிப்பது வீட்டில் உள்ள பிறரின் பொறுப்பு. அந்த அழைப்பில் நிலத்தகராறும் கடன் பாக்கியும் முதலில் நுழைந்துவிடாமல் காப்பதும் அவர்களுடையதே.

பாசறையில் தலைவனும் வீட்டில் தலைவியும் பிரிந்திருக்கும் நிலையைத் தமிழ் இலக்கியம் இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பாடி வருகிறது. பத்துப்பாட்டில் ஒன்றான நப்பூதனாரின் முல்லைப்பாட்டு 103 அடிகளில் அதையே பாடுகிறது என்றாலும், அதில் உரையாசிரியர்கள் தலைவியின் ஆற்றியிருத்தலைப் பற்றி எழுதிய அளவுக்கு, முதிய பெண்டிரின் செயலைப் பற்றிப் பிற்காலத்தில் பேசப்படவில்லை. மழை பெய்த மாலையில் அம்முதியோர் நெல்லும் முல்லையும் தூவித் தொழுது, விரிச்சி கேட்க, அதாவது அயலார் வாயிலிருந்து தற்செயலாக வரும் நற்சொல்லைக் குறியாகக் கொள்ள, ஊர்ப்புறத்தில் நிற்கின்றனர். அவர்கள் காதில் விழுவது, கட்டப்பட்டுக் கிடந்து வாடும் கன்றிடம் அதன் தாய் இப்போதே வந்துவிடும் என்று ஓர் ஆயர்மகள் கூறும் தேறுதல்; அதையே கொண்டுவந்து தலைவிக்குச் சொல்கின்றனர். போர்க்களத்துக்குப் போனவனின் வீட்டில் முதியோர் ஏற்ற கடமை, நல்ல சொல்லைத் தேடிப் போய்க் கொண்டுவருவது என்று அப்பாட்டு காட்டுகிறது. முல்லைத் திணைக்கு இன்னொரு முகமும் உண்டு. பேயனார் பாடிய ஐங்குறுநூற்றின் முல்லைப் பகுதி, மகனை நடுவில் கிடத்தி இருபுறமும் தாய் தந்தையர் படுத்திருப்பதைச் செவிலி கண்டு மகிழ்வதோடு தொடங்குகிறது. அந்தச் செவிலியும் தான் கண்ட நிறைவை எடுத்துச் சொல்ல மட்டுமே அங்கே இருக்கிறாள், உள்ளே நுழைந்து ஆலோசனை வழங்கவில்லை.

இன்றைய வீடுகளில் நிலைமை சற்று வேறு. கணவன் அருகில் இல்லாத வீட்டில் குழந்தை பற்றிய முடிவுகள் தாயின் கையை விட்டு நழுவுகின்றன. பிறந்தவுடன் பெரியவர் ஒருவர் சர்க்கரை நீரையோ தேனையோ நாவில் தொட்டு வைக்கும் சேனை என்ற வழக்கம் தென்மாவட்டங்களில் இன்னும் இருக்கிறது. முதல் ஆறு மாதமும் தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும், நீர்கூட, வேண்டாம் என்பதும் தேன் ஓராண்டுக்குக் கூடவே கூடாது என்பதும் மருத்துவ விதி. மருத்துவமனையில் செவிலியர் சொன்னதைத் தாய் எடுத்துச் சொன்னாலும், அருகில் நின்று ‘அவள் சொல்வது சரிதான்’ என்று கூறும் ஒரு குரல் இல்லாத குறையால் அது எடுபடாமல் போகிறது. கணவர் அனுப்பும் சம்பளம் வரவாகும் வங்கிக் கணக்கின் ஏ.டி.எம். அட்டை யார் கையில் இருக்கிறது என்பதும் இதைச் சார்ந்ததே. தடுப்பூசிக்கோ காய்ச்சலுக்கோ மருத்துவரிடம் போக ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்க வேண்டிய நிலையில் ஒரு தாயை வைத்துக்கொண்டு, நாட்டுக்காக உழைக்கும் குடும்பம் என்று மேடையில் பெருமை பேசுவதில் பொருள் இல்லை. டிசம்பர் 7ஆம் நாள் கொடிநாளுக்குச் சட்டையில் குத்தும் சிறுகொடியைவிட, அந்த அட்டை அவள் கையில் இருப்பது அவளுக்குப் பெரிய மரியாதை.

நான்கைந்து வயது மூத்த குழந்தை ஒன்று வீட்டில் இருக்குமானால், கைக்குழந்தைக்கு இல்லாத ஒரு சுமை அதற்கு உண்டு. அதற்குத் தந்தையை நினைவிருக்கிறது, ஆனால் நாள்காட்டி தெரியாது. ‘அடுத்த மாதம்’ என்பது அதற்கு வெற்றுச் சொல். தபசு முடிந்ததும், தீபாவளிக்கு முன், தம்பி நடக்கும்போது என்று நிகழ்ச்சிகளைக் கொண்டு கூறினால் அதற்குப் புரியும். ஆனால் நாளை உறுதியாகச் சொல்லிவிட்டு, விடுப்பு ரத்தானதும் மழுப்புவது அதன் நம்பிக்கையைக் கெடுக்கும். ‘கேட்டிருக்கிறார், இன்னும் பதில் வரவில்லை’ என்ற உண்மையை ஐந்து வயதுக் குழந்தை தாங்கிக்கொள்ளும்.

இறுதியாக ஏடுகளைப் பற்றி. படைவீரரின் குழந்தை பிறந்த செய்தி அவருடைய அலகில் ‘பார்ட் டூ ஆர்டர்’ என்ற அன்றாட ஆணை வழியே வெளியிடப்பட்டு, ஆவணக் காப்பகத்தில் அவருடைய பணிப்பதிவில் ஏற வேண்டும். மதராஸ் ரெஜிமென்டைச் சேர்ந்தவர்க்கு அந்த அலுவலகம் நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. அப்பதிவில் இல்லாத குழந்தை, படையின் கணக்கில் பிறக்காத குழந்தையே; மருத்துவ வசதி, சார்ந்தோர் அட்டை, பின்னாளில் கல்விப்படி, தந்தைக்கு ஏதேனும் நேர்ந்தால் குடும்ப ஓய்வூதியம் எல்லாம் அந்த ஒரு வரியைச் சார்ந்தவை. கல்விப்படி மட்டும் 2024 ஜனவரி முதல் ஒரு குழந்தைக்கு மாதம் 2,812 ரூபாய் 50 காசு. அந்தப் பதிவுக்கு அடிப்படை பிறப்புச் சான்றிதழ். பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்று 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் கூறுகிறது. குழந்தையின் பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதற்குப் பின் கட்டணத்துடன் பதினைந்து ஆண்டு வரை சேர்க்கலாம். பெயரிடு விழாவைத் தந்தையின் வருகைக்காக ஐந்து மாதம் தள்ளி வைத்தாலும் சட்டத்தில் தடையில்லை என்பது இதன் பொருள். ஆனால் தொலைபேசியில் முடிவான பெயர், விழா நடக்கும் வரை காத்திராமல் நகராட்சிப் பதிவேட்டுக்கும் அங்கிருந்து அலகுக்கும் போய்விடலாம். தந்தையின் பெயரும் தாயின் பெயரும் பணிப்பதிவில் உள்ள அதே எழுத்துகளில், முதலெழுத்து உட்பட, சான்றிதழில் இருக்கின்றனவா என்று சரிபார்ப்பதை மட்டும் பிரசவம் நடந்த வாரத்திலேயே தாத்தாவோ தாய்மாமனோ பொறுப்பேற்றுச் செய்துவிட வேண்டும். பிழையிருந்தால் அதைத் திருத்த நகராட்சி அலுவலகத்துக்கு அலைவதில்தான் தந்தையின் அடுத்த விடுப்பில் பாதி போய்விடும்.